கர்னல் பேட்ச் மதிப்பாய்வு: கிராஷ் நின்றுவிட்டால் போதுமா?

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் கூடி லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வரும் பேட்ச்களை, அதாவது நிரல் திருத்தங்களை, வாசிக்கிறோம். புதிதாக வரும் தம்பி தங்கைமார், அந்நாளில் நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். இடைவெளி, வரி நீளம் போன்றவற்றைச் செக்பேட்ச் கருவியே சொல்லிவிடும்; அவற்றை விடுகிறேன். கணினி பூட் ஆகத் தொடங்கியவுடன் பிழைச் செய்தி எழுதப்போய்க் கர்னலே விழுந்துவிடும் கோளாறைத் திருத்தும் பேட்ச்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

செய்தியை விழுங்கும் திருத்தம்

தலவாக்கலையிலிருந்து வரும் தம்பி ஒருவர் அப்படியொரு பேட்சை மதிப்பாய்வு செய்தார். சாதனத்தை இயக்கும் டிரைவரின் பிழைப்பதிவுச் செயல்கூறு, இன்னும் உருவாகாத சாதனத்தின் சுட்டியை (நினைவக முகவரியை)த் தொட்டு விழுந்துகொண்டிருந்தது. சுட்டி வெறுமையாக இருந்தால் உடனே திரும்பிவிடு என்பதுதான் பேட்ச், இரண்டே வரி.

"அண்ணே, கியூஎமு மெய்நிகர் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். கிராஷ் இல்லை" என்றார்.

"பிழைச் செய்தி வந்ததா?"

திரையை மேலே உருட்டினோம். நினைவக விவரம் இருந்தது, கட்டளை வரி இருந்தது, கடைசியில் லாகின் கேட்டது. நாங்கள் வேண்டுமென்றே புகுத்திய பிழையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. கிராஷ் ஆனால் குறைந்தபட்சம் எங்கே விழுந்தது என்றாவது தெரியும். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில், கொழுந்து வாட்டும் மாடியின் ஈரப்பதத்தை அளந்த பலகை ஒன்று வெறும் பூச்சியங்களையே அனுப்பிக்கொண்டிருந்தது. சென்சாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள். கர்னலோ பூட் ஆகும்போதே காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. அதைச் சொல்லும் வழியைத்தான் இத்தகைய இரண்டு வரிகள் அடைத்திருந்தன.

சுட்டி இல்லையென்றால் சாதனத்தின் பெயரை விட்டுவிட்டு, கர்னலின் பொதுவான செய்தி எழுதும் செயல்கூறான வெறும் பிரிண்ட்கே மூலமாகச் செய்தியைச் சொல்லலாம். பிரிண்ட்கேயின் முதல் பஃபர் (செய்திகள் தங்கும் நினைவகம்) கர்னலுக்குள்ளேயே நிலையாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. செய்தியை வெளியே காட்டும் கன்சோல் இன்னும் வராவிட்டாலும் செய்தி அங்கே தங்கும். 2020இல் பிரிண்ட்கேயிலேயே வந்த திருத்தம் நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு சிபியுவுக்குமான தனி நினைவகப் பகுதி தயாராகும் முன்பே, தள்ளிவைத்து அச்சிடும் பிரிண்ட்கே அழைக்கப்பட்டது. அதனால் பிறகு பயனர் நிரல்களால் புதிய கர்னல் செய்திகளை வாசிக்க முடியவில்லை. திருத்தம், அந்தப் பகுதி தயாராகும்வரை செய்தி வாசிக்கும் நிரல்களை எழுப்பும் வேலையை மட்டும் தவிர்த்தது. செய்தியைப் பதிவதில் கை வைக்கவில்லை.

ஆகவே பிழையை நீங்களே புகுத்துங்கள். இயர்லிகான் (பூட்டின் தொடக்கத்திலேயே செய்தி காட்டும் கன்சோல்) போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை ஓட்டுங்கள். பூட் முடிந்ததும், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் அந்த வரியைத் தேடுங்கள். வரி இல்லையென்றால் பேட்சைத் திருப்பி அனுப்புங்கள்.

வரிசையைப் பார்க்காமல் வாசிப்பது

பூட்டின்போது கர்னலின் பகுதிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கும் ஸ்டார்ட்-கர்னல் செயல்கூறைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். சிபியு பகுதிகள் முதலில், பொது நினைவக ஒதுக்கீடு அதற்குப் பின், கன்சோல் இன்னும் பின். லாக் எழுதவே கேமல்லாக் மூலம் நினைவகம் கேட்கும் பேட்ச், ஒதுக்கீடு தயாராகும் முன் ஓடினால் இன்னொரு கிராஷைத்தான் கொண்டுவரும்.

கிட் பிளேமை அப்படியே நம்புவது

ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட் (பதிவான மாற்றம்) எது என்று காட்டும் கட்டளை இது. கடைசியாக வரியைத் தொட்டவர் குற்றவாளி என்றில்லை. எந்தக் கமிட்டின் கோளாறைத் திருத்துகிறோம் என்று சொல்லும் ஃபிக்ஸஸ் வரியில் தவறான கமிட் போனால், இன்னும் பராமரிக்கப்படும் பழைய ஸ்டேபிள் பதிப்புகளுக்குத் திருத்தம் போய்ச் சேராமல் போகலாம்.

ஓட்டிப் பார்த்துவிட்டு ரிவியூட்-பை கொடுப்பது

ரிவியூட்-பை என்பது நிரலை வாசித்து மதிப்பிட்டவர் பேட்சில் சேர்க்கும் பெயர் வரி. ஓட்டிப் பார்த்ததற்கு டெஸ்டட்-பை இருக்கிறது.