பழைய சைக்கிளிலிருந்து ஒரு கொக்கு: வெல்டிங் தெரியாதவர்களுக்கு

காயலான் கடையில் எடைக்குக் கிடந்த சைக்கிள் பாகங்களைக் கொண்டு ஏறத்தாழ இரண்டடி உயரக் கொக்கு ஒன்றைச் செய்தேன். முதல் கொக்கு மூன்றாம் நாள் இரவே கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டது; இரண்டாவது இன்றும் வாசலில் நிற்கிறது.

வேண்டியவை: அடியில் ஸ்பிரிங் உள்ள பழைய சீட், 24 கண்ணிகள் உள்ள செயின் துண்டு, கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிளின் பிரேக் கம்பிகள் இரண்டு, முழுவதும் இரும்பாலான கத்தரிக்கோலின் ஒரு பாதி, ஓட்டை வாணலி. கட்டுக்கம்பி, எம்-சீல் (இரு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்ஸி மாவு), சிமெண்டு, மணல் ஆகியவற்றை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும்.

சீட்டின் அகன்ற பக்கம் மார்பு. கூர்ந்த முனை வால். கத்தரிக்கோலின் அலகு கொக்கின் அலகாகவும் கைப்பிடி வளையம் கண்ணாகவும் அமைந்துவிடும். வெட்டும் விளிம்பை அரத்தால் மழுக்கிவிடுங்கள். கழுத்துக்குக் கம்பியைவிடச் செயினே நல்லது என்பேன். அது ஒரே தளத்தில்தான் வளையும் என்பதால், கொக்குக் கழுத்தின் வளைவு கோணாமல் அமைகிறது. ஒரு கண்ணி அரை அங்குலம் என்பதால் 24 கண்ணிகளுக்கு ஓரடி நீளம் வரும்.

முதல் தடவை நான் தோற்றது சுத்தம் செய்வதில்தான். துருவைப் போக்கச் செயினை நேராக வினிகரில் போட்டேன். எண்ணெய்ப் படலம் இருந்த இடங்களில் வினிகர் ஏறவே இல்லை. மேலே பளபளத்தாலும் உருளைகளுக்குள் தங்கியிருந்த எண்ணெய் பிறகு கசிந்து, எம்-சீலை அடியோடு பெயர்த்துவிட்டது. ஆகவே முதலில் எண்ணெய், அதன் பிறகே துரு. செயினை ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு (வீட்டுக்கு வெளியே, அடுப்புக்கு எட்டாத இடத்தில்), சோப்பும் வெந்நீரும் கொண்டு தேய்த்து, வெயிலில் உலர்த்தி, ஒவ்வொரு கண்ணியையும் மடக்கி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் கறை படிந்தால் மறுபடியும் மண்ணெண்ணெய்தான். கறை படிவது நின்ற பிறகு, ஒரு நாள் வினிகரில் ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பூத்துவிடும்.

அடுத்து, செயினை வளைத்து, கண்ணிகளின் இடைவெளிகளில் கட்டுக்கம்பியைக் கோத்து முறுக்கி, ஒரு முனையைச் சீட்டின் ஸ்பிரிங்கிலும் மறுமுனையைக் கத்தரிக்கோல் வளையத்திலும் கட்டுங்கள். எம்-சீலின் இரு பகுதிகளையும் சம அளவில் எடுத்து, ஒரே நிறமாகும் வரை பிசைந்து, கண்ணிகளுக்குள் அழுத்தி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். பாரத்தைத் தாங்க வேண்டியது கம்பிக் கட்டு. எம்-சீல் அதை அசையாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே.

பிரேக் கம்பிகள்தான் கால்கள். அவற்றை ஊகத்தில் வைக்காதீர்கள். கழுத்தோடு கூடிய உடலை ஒரே கயிற்றில் தொங்கவிட்டு, எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அதற்கு நேர் கீழே கால்களைக் கட்ட வேண்டும். என் கொக்குக்கு அந்த இடம் நான் நினைத்ததைவிட மார்புப் பக்கம் தள்ளியே அமைந்தது. பிரேக் கம்பிகளின் கீழ் முனையைச் செங்கோணமாக மடக்கி, வாணலியில் சிமெண்டுக் கலவையை ஊற்றிப் புதைத்து, இறுகிய பிறகு உடலைக் கட்டுங்கள்.

இறக்கைக்குக் கரண்டிகளை ஒட்டும் ஆசை எனக்கும் வந்தது, விட்டுவிட்டேன். 1942இல் ஓவியர் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் கைப்பிடியையும் மட்டும் சேர்த்துக் காளையின் தலையைச் செய்தார். மூன்றாவது பொருள் அவருக்குத் தேவைப்படவில்லை.

பின்சேர்க்கை: உடனே ஒட்டும் பசை போதாதா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். செயினைப் போன்று இடைவெளி மிகுந்த பரப்புகளில் அது பிடிக்காது; அதிர்ந்தாலே விட்டுவிடும். துத்தநாகம் பூசிய போல்ட்டுகளை வினிகரில் போட்டுக் கறுத்துவிட்டதாகவும் ஒருவர் எழுதியிருந்தார்; பூச்சை வினிகர் கரைத்துவிடும் என்பதால், அவற்றைச் சோப்பு நீரில் கழுவினாலே போதும்.