மணிப் பந்து: பார்வையற்ற பிள்ளையும் சேர்ந்தாடும் ஆட்டம்

ஒரு பிள்ளையைச் சேர்த்தும் சேர்க்காமலும் ஆட வைப்பதற்கு நம் மொழியில் ஒரு பெயரே உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. பெயரிலேயே ஊனக் கேலி இருக்கிறது. பார்வையற்ற பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த இடம்தான். 'நீ உட்கார்ந்து கை தட்டு' என்பார்கள். பிள்ளையை ஓரங்கட்டாமல் ஆட்டத்தை மாற்றிப் பாருங்கள்.

இங்கே சொல்வது, மணிச் சத்தத்தைக் கேட்டுப் பந்தைத் தடுக்கும் கோல்பால் ஆட்டத்தின் எளிய வடிவம். போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான ஆட்டம் அது. 1976 முதல் பாராலிம்பிக்கில் இருக்கிறது. அதன் பந்து 1.25 கிலோ. பிள்ளைகளுக்கு அவ்வளவு கனம் வேண்டாம்.

முதலில் பந்து. கைப்பந்து அளவில் உள்ளீடற்ற பிளாஸ்டிக் பந்தில் சின்னதாகக் கீறி, நாலைந்து சலங்கை மணிகளைப் போட்டு டேப் ஒட்டுங்கள். அவசரத்துக்குச் சரசரக்கும் பிளாஸ்டிக் பையைப் பந்தின் மேல் இறுக்கிக் கட்டினாலும் போதும். மணியும் பையும் வாயில் போட்டுக்கொள்ளும் வயதுப் பிள்ளைகளிடம் போகக் கூடாது.

அடுத்து இடம். புல்லும் விரிப்பும் சத்தத்தை விழுங்கிவிடும்; வழவழப்பான தரைதான் சரி. மின்விசிறியை அணையுங்கள். சுமார் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் வேண்டும். சணல் கயிற்றைத் தரையில் நீட்டி, மேலே டேப் ஒட்டுங்கள். விரலால் தடவினால் கயிறு புடைப்பாகத் தட்டுப்படும். கோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

பார்வையற்ற பிள்ளைக்கு இடத்தை முன்பே காட்டிவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அது பிடித்துக்கொண்டு நடக்கட்டும்.

அப்புறம் கண்கட்டு. மங்கலாகத் தெரிகிற பிள்ளை உட்பட எல்லோருக்கும். பயப்படுகிற பிள்ளையை வற்புறுத்தாமல், வெளியே ஓடும் பந்தை எடுத்து வரச் சொல்லுங்கள்.

பக்கத்துக்கு மூன்று பேர், கோட்டுக்குப் பின்னால் மண்டியிட்டு. உருட்டுபவர் எதிரணியில் ஒருவர் பெயரைச் சொல்லி, 'தயாரா?' என்று கேட்க வேண்டும். 'சரி' என்று பதில் வந்த பிறகே உருட்டலாம். எறிந்தால் செல்லாது. பந்து எதிரணியின் கோட்டைத் தாண்டினால் உருட்டிய பக்கத்துக்கு ஒரு புள்ளி.

நான் கோட்டை விட்டது சத்தத்தில்தான். முதல் நாள் சுற்றி நின்ற பிள்ளைகள் போட்ட கூச்சலில் மணியே கேட்கவில்லை. பந்து தாண்டிப் போன பிறகும் ஒரு பையன் கையை விரித்தபடி, 'உருட்டியாச்சா?' என்று கேட்டான். இப்போது பந்து ஓடும்போது மூச்சு விடக் கூடாது, பிடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்று விதி.

வழிகாட்டும்போது 'அங்கே', 'இங்கே' உதவாது. 'உன் வலது முழங்கால் பக்கம்' என்று சொல்லுங்கள். பார்வையற்ற பிள்ளை உடனே ஜெயித்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அதற்கும் இது புது ஆட்டம்தானே!

பந்து நடுவில் நின்றுவிட்டால் மணியும் நின்றுவிடும். அப்போது யாரும் தேடித் தவழ வேண்டாம், தலை முட்டிக்கொள்ளும். நீங்களே எடுத்து, ஒரு முறை குலுக்கிக் காட்டி, உருட்டியவர் கையில் திரும்பக் கொடுங்கள்.