ரோபோ போட்டியில் முதல்முறை நடுவராக நிற்கப் போகிறவருக்கு

தன்னார்வ நடுவராக வருபவர்களில் பெரும்பாலோர் இளகிய மனதுக்காரர்கள். சிக்கல் தொடங்குவதே அங்கேதான். பிள்ளைகள் மாதக்கணக்கில் உழைத்த ரோபோ கண்ணெதிரே தடம் மாறி முட்டிக்கொண்டு நிற்கும்போது, 'பாவம், ஒரு மில்லிமீட்டர்தானே' என்று தோன்றும். அதே ஒரு மில்லிமீட்டரை அடுத்த மேசையில் நிற்கும் நடுவர் விட்டுக்கொடுத்திருக்கமாட்டார். உங்கள் இரக்கத்துக்கு விலை கொடுப்பது உங்கள் கண்ணிலேயே படாத இன்னோர் அணி.

வார நாட்களில் நான் கணக்குத் தணிக்கை செய்பவள். போட்டி நாட்களில் புதிய நடுவர்களைத் தயார்செய்யும் வேலை என் தலையில் விழுகிறது. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எல்லா மேசையிலும், எல்லா ஆட்டத்திலும் ஒரே நடைமுறை. அதை எப்படிக் கடைப்பிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதிப் புத்தகம். கதை படிப்பதுபோல் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். சொல் விளக்கப் பகுதிக்குப் போங்கள். 'முழுவதும் உள்ளே', 'பகுதி உள்ளே', 'தொடுதல்', 'தாங்கி நிற்றல்' ஆகிய நான்குக்கும் உங்கள் போட்டி என்ன பொருள் தருகிறது என்று பாருங்கள். எல்லைக்கோடு பகுதிக்குள் சேர்த்தியா, வெளியே சேர்த்தியா என்பதைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுங்கள். நாள் முழுவதும் வரும் தகராறுகளில் பாதி அந்தக் கோட்டின் மேல்தான் நடக்கும்.

ஒரு போட்டியின் பழக்கத்தை இன்னொன்றுக்குச் சுமந்து வராதீர்கள். லெகோ பாகங்களால் கட்டிய ரோபோக்கள் மோதும் மாணவர் போட்டியான ஃபர்ஸ்ட் லெகோ லீக் மேசையில் ஓர் ஆட்டம் இரண்டரை நிமிடம். ரோபோ தானாகவே ஓட வேண்டும், ரிமோட் கிடையாது. வெக்ஸ் வி5 என்ற இன்னொரு மாணவர் போட்டியில் முதல் 15 விநாடி ரோபோ தானாக இயங்கும், அடுத்த ஒன்றே முக்கால் நிமிடம் மாணவர்கள் ஓட்டுவார்கள். லெகோ லீக் விதிகளில் 'இரண்டு பக்கமும் சாயக்கூடிய நிலை என்றால் ஐயத்தின் பலன் அணிக்கே' என்று வெளிப்படையாக இருக்கிறது. அது அந்தப் போட்டியின் விதி, உலகப் பொது அறம் என்று நினைத்துக்கொண்டு வேறு களத்தில் போய்ப் பலனை வாரி வழங்க முடியாது. பருவத்தின் நடுவே விதித் திருத்தங்களும் அதிகாரபூர்வமான கேள்வி பதில்களும் வந்துகொண்டே இருக்கும். கடைசியாக வந்த திருத்தத்தின் அச்சுப்பிரதி உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். அதைப் படிக்காத நடுவரை, படித்துவிட்டு வந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மிக மரியாதையாக மடக்கிவிடும்.

காலையில் ஆட்டங்கள் தொடங்குமுன் ஒரு காரியம் கட்டாயம் செய்ய வேண்டும். நடுவர்கள் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி நில்லுங்கள். தலைமை நடுவர் வேண்டுமென்றே குழப்பமான ஒரு முடிவு நிலையை அமைக்கட்டும்: ஒரு கட்டை கோட்டின் மேல் பாதி, ஒரு நெம்புகோல் முக்கால்வாசி சாய்ந்து, ஒரு வளையம் சாய்வாகத் தொங்கியபடி. ஒவ்வொருவரும் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் எழுதுங்கள், பிறகு தாள்களை விரித்துப் பாருங்கள். எல்லோருடையதும் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. வேறுபட்ட இடங்களில் விதியைத் திறந்து, ஒரு முடிவுக்கு வந்து, அதை எழுதி ஒட்டுங்கள். நேரமில்லை என்று இதைத் தவிர்க்கும் அமைப்பாளர்கள் உண்டு. பிற்பகலில் இதைப்போல் பல மடங்கு நேரத்தைத் தகராறுகளுக்குச் செலவிடுவதும் அவர்களேதான்.

அதே கூட்டத்தில் உறவுகளையும் சொல்லிவிடுங்கள். உங்கள் பிள்ளை, உங்கள் பள்ளி, நீங்கள் முன்பு பயிற்சி கொடுத்த அணி எதுவாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 'நான் நடுநிலையாகத்தான் இருப்பேன்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் உண்மையாகவே முயல்வார்கள். முயன்று, தன் பிள்ளையின் அணிக்கு மட்டும் கூடுதல் கண்டிப்பு காட்டிவிடுவார்கள். அதுவும் அநியாயம்தான். உங்கள் அணியோடு நேரடியாக மோதும் அணியின் ஆட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை. பள்ளிப் பெயர் போட்ட டி-ஷர்ட் வேண்டவே வேண்டாம்.

களத்துக்குப் போகுமுன் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள். குனிந்து பார்க்கும் நடுவரின் அட்டை, ரோபோவின் பணிகளுக்காக மேசையில் வைத்திருக்கும் மாதிரி அமைப்பைத் தட்டிவிட்டால், அந்த நிலை ரோபோவால் வந்ததா உங்களால் வந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பேனாவால் சுட்டிக்காட்டாதீர்கள். நீளமான சட்டைக் கையை மடித்துவிடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம் என்ற களத்தில் முதலில் அணிய வேண்டியவர் நீங்கள்.

ஆட்டம் ஓடும்போது உங்கள் முகமும் ஒரு தீர்ப்புதான். ஒரு பணி நிறைவேறியதும் நீங்கள் கைதட்டினால், அடுத்த அணிக்குத் தட்டாதபோது அது கணக்கில் வரும். ரோபோவின் சக்கரம் கழன்றுகொண்டிருப்பது உங்களுக்குத் தெரிகிறது, சொல்லலாமா? ஆபத்து என்றால் உடனே நிறுத்துங்கள். ஆபத்தில்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். ஆட்டத்துக்கு முன் 'எல்லாம் சரியாக வைத்துவிட்டீர்களா?' என்று கேட்பது நல்ல பழக்கம், ஆனால் ஒருவரிடம் கேட்டால் நாள் முழுவதும் எல்லோரிடமும் அதே வாக்கியத்தைக் கேட்க வேண்டும்.

விதிமீறல் நடந்தால் அந்த நொடியிலேயே, கேட்கும்படி சொல்லுங்கள். லெகோ லீக்கில் அணிக்கு ஆறு டோக்கன்கள், அதாவது மதிப்பெண் வில்லைகள், இருக்கும். ரோபோ கிளம்பும் இடமான வீட்டுப் பகுதிக்கு வெளியே அது இருக்கும்போது கைவைத்துத் தடுத்தால் ஒன்று போகும். அதை அவர்கள் பார்க்கும்படி எடுங்கள். ஆட்டம் முடிந்த பிறகு 'அப்போதே ஒன்று போய்விட்டது' என்று சொல்வது, கடன் கொடுத்ததையே சொல்லாமல் வட்டி கேட்பதைப் போன்றது. வெக்ஸில் விஷயம் இன்னும் நுட்பமானது: ஒரு மீறல் வெற்றி தோல்வியை மாற்றியதா என்பதைப் பொறுத்துத் தண்டனை மாறலாம். அது ஆட்டம் முடிந்து கணக்குப் போட்ட பிறகே தெரியும். ஆகவே எந்த ரோபோ, என்ன செய்தது, எதனால் எவ்வளவு மதிப்பெண் கிடைத்திருக்கும் என்று நடந்த உடனே குறித்துக்கொள்ளுங்கள். நினைவை நம்பாதீர்கள்.

மணி அடித்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது. முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றே: 'யாரும் எதையும் தொட வேண்டாம்.' பிள்ளைகளின் கை ரோபோவை நோக்கித் தானாகவே போகும். அதைத் தடுக்க நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். பிறகு மேசையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு ஆட்டத்திலும் அதே வரிசையில், ஒவ்வொரு பணியாகச் சத்தமாகச் சொல்லி, அணியின் ஒப்புதலைக் கேட்டுக் குறியுங்கள். சந்தேகமான இடம் வந்தால் நேர் மேலிருந்து பாருங்கள். பக்கவாட்டில் பார்த்தால் இல்லாத இடைவெளி தெரியும், இருக்கும் இடைவெளி மறையும்.

ஒருமுறை ஒரு கட்டை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது கேள்வி. தொட்டால் மதிப்பெண் உண்டு. அந்த அணியின் இரண்டு மாணவர்களுக்கும் ஒரே கருத்து இல்லை. பெரியவன் 'தொடுகிறது' என்றான். சின்னவள் மேசை விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்துவிட்டு 'இல்லை' என்றாள். மேசைக்கடியில் அவன் அவள் காலை மிதித்தது எனக்கும் தெரிந்தது. நான் இருவரையும் பார்க்காமல், காலையில் நடுவர்கள் பேசி வைத்திருந்தபடி ஒரு தாள் கீற்றை மேலிருந்து மெல்ல இறக்கினேன். தாள் தடையில்லாமல் கீழே போய்விட்டது. 'நான்தான் சொன்னேனே' என்றாள் அவள், அவனிடம். அந்தப் பணிக்கு மதிப்பெண் இல்லை என்று எழுதினேன். யாரும் மறுக்கவில்லை. தாள் கீற்று எல்லா மேசையிலும் ஒரே தாளாக, தலைமை நடுவரின் அனுமதியோடு இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நீங்களாகக் கண்டுபிடித்த கருவி உங்கள் மேசைக்கு மட்டும் தனிச் சட்டமாகிவிடும்.

பேசும்போது ரோபோவை இயக்கிய பிள்ளையைப் பார்த்துப் பேசுங்கள். கட்டுப்பாட்டைப் பிடித்திருப்பது ஒரு சிறுமி, நடுவர் விளக்கம் சொல்வதோ அவளுக்குப் பின்னால் நிற்கும் பையனிடம்: இதை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல் வருகிறது. எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழையுங்கள். ஒருவருக்குக் 'கண்ணு', இன்னொருவருக்கு அணி எண் என்று கூடாது.

அணி மறுத்தால் பதறாதீர்கள். கேள்வி கேட்பது அவர்கள் உரிமை. முழுவதும் பேச விடுங்கள், அவர்கள் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள், 'எந்த விதி?' என்று கேளுங்கள், விதிப் புத்தகத்தைச் சேர்ந்து திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் 'தலைமை நடுவரைக் கேட்கிறேன்' என்பது கௌரவமான பதில். முடிவைச் சொல்லும்போது விதி எண்ணோடு ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். தகுதி நீக்கமோ எச்சரிக்கையோ தரும்போது விதி எண்ணைத் தலைமை நடுவர் சொல்லியே ஆக வேண்டும் என்பது வெக்ஸில் விதியாகவே இருக்கிறது. மற்ற இடங்களிலும் அதைக் கடைப்பிடித்தால் நஷ்டமில்லை.

பயிற்சியாளரோ பெற்றோரோ வந்தால், 'மாணவர் வந்து கேட்கட்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய ரோபோக்களோடு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் இதற்கென்றே களத்தருகே ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். அணியிலிருந்து ஒரு மாணவர் மட்டும் வந்து அதில் நிற்பார். செல்பேசியில் காணொளியை நீட்டுவார்கள். அந்தப் போட்டியில் தலைமை நடுவர் எந்தக் காணொளியையும் எந்தச் சூழலிலும் பார்க்கக் கூடாது. கடுமையாகத் தோன்றும். படம் பிடிக்க ஆள் வைத்திருக்கும் அணிக்கு மட்டும் மேல்முறையீடு கிடைத்தால், இரண்டு பேரோடு வந்த அணி என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறு ஆட்டம் கேட்டு வந்தால் ஒரே கேள்வி: பழுது களத்திலா, ரோபோவிலா? மேசையில் மாதிரியைத் தவறாகப் பொருத்தியிருந்தோம், களத்தின் மின்சாரம் போயிற்று என்றால் அது நம் பொறுப்பு. தலைமை நடுவரிடம் கொண்டுபோங்கள். பேட்டரி தீர்ந்தது, கேபிள் கழன்றது, நிரல் மாறி ஓடிவிட்டது என்றால் அது அணியின் பொறுப்பு. ஆறுதல் சொல்லலாம், ஆட்டம் தர முடியாது.

லெகோ லீக்கில் நடுவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. 'கிரேஷியஸ் புரொஃபஷனலிசம்' என்று அவர்கள் சொல்லும் பண்பான போட்டி மனப்பான்மைக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 2, 3 அல்லது 4 என்று மதிப்பிட வேண்டும். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த வூடி ஃப்ளவர்ஸ் பரப்பிய கருத்து அது. இங்கேதான் நடுவர்கள் பழிதீர்த்துக்கொள்கிறார்கள். உங்கள் தீர்ப்பை மறுத்த அணிக்கு 2 போடும் ஆசை வரும். மரியாதையோடு மறுப்பது பண்புக் குறைவாகாது. அதே சமயம் உங்களைப் பார்த்துச் சிரித்து வணக்கம் வைத்ததற்காக 4 போடவும் கூடாது. எதிர் மேசை அணியிடமும் தங்களுக்குள்ளும் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பாருங்கள்.

நாளின் நடுவே, காலையிலிருந்து ஒரு விதியைத் தவறாகப் புரிந்து மதிப்பிட்டு வந்திருக்கிறார் ஒரு நடுவர் என்று தெரியவரலாம். மிக மோசமான வழி, சத்தமில்லாமல் அடுத்த ஆட்டத்திலிருந்து திருத்திக்கொள்வது. அப்படிச் செய்தால் காலை அணிகளுக்கு ஒரு சட்டம், மாலை அணிகளுக்கு வேறு. கையை உயர்த்தி தலைமை நடுவரை அழையுங்கள். முந்தைய தாள்களைத் திருத்த முடியுமா, முடியாதா என்பதை அவர் முடிவுசெய்வார். அதை எல்லா அணிகளுக்கும் ஒரே நேரத்தில் அறிவிப்பதும் அவர் வேலை. தாளில் அந்தந்தப் பணியின் நிலையைத் தெளிவாக எழுதியிருந்தால் திருத்தம் எளிது. மொத்த எண்ணை மட்டும் கிறுக்கியிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

இடைவேளையைத் தியாகம் செய்யாதீர்கள். களைத்த கண் வரிசையைத் தாண்டிப் பணிகளை விட்டுவிடும், அந்த இழப்பு கடைசிச் சுற்றில் ஆடும் அணிகளுக்கு. ஓய்வறையில் அணிகளைப் பற்றிப் பேசாதீர்கள்; சுவருக்குப் பின்னால் யாருடைய அம்மா நிற்கிறார் என்று தெரியாது. மதிப்பெண்ணை யார் கேட்டாலும் அறிவிப்புப் பலகையைக் காட்டுங்கள்.

கிளம்புமுன், அன்று குழப்பம் தந்த விதிகளை எண்ணோடு ஒரு தாளில் எழுதித் தலைமை நடுவரிடம் கொடுங்கள். அமைப்பாளர்கள் அதை மேலே அனுப்பித் தெளிவு கேட்கட்டும். அடுத்த போட்டியின் காலைக் கூட்டத்தில் மேசையில் அமைக்க வேண்டிய குழப்ப நிலைகளும் அந்தத் தாளிலிருந்தே கிடைத்துவிடும்.