நீடித்த வளர்ச்சியில் முதுநிலைப் பட்டம்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

நீடித்த சர்வதேச வளர்ச்சித் துறையில் முதுநிலைப் பட்டம் பெற விரும்புவோர் பெரும்பாலும் உலகத் தரவரிசைப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் தேடலைத் தொடங்குகிறார்கள். பொறியியலுக்கு அந்த வழி ஓரளவு பொருந்தலாம்; இந்தத் துறைக்குப் பொருந்தாது. பொருளாதாரம், அரசியல், சூழலியல், சமூகவியல் ஆகிய நான்கும் கலந்த படிப்பு இது என்பதால், ஒரே பெயரில் நடக்கும் இரண்டு பட்டங்களின் பாடத்திட்டங்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கக்கூடும். ஆகவே எந்தச் சிக்கலைப் பற்றிப் படிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே எங்கே படிப்பது என்ற கேள்விக்கு வர வேண்டும்.

முதற்படி: சிக்கலை எழுதி வைத்தல்

நீங்கள் நேரில் பார்த்த, முடிந்தால் கைவைத்து வேலை செய்த ஒரு சிக்கலை நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். "வறுமை ஒழிப்பு", "பருவநிலை மாற்றம்" போன்ற தலைப்புகள் போதாது. எடுத்துக்காட்டாக, சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய் சீரமைப்பில் பணியாற்றிய ஒருவரை எண்ணிக்கொள்வோம். தூர்வாரினார்கள், கரையைப் பலப்படுத்தினார்கள், மழையும் பெய்தது. ஆனாலும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. எந்த மடையை எப்போது திறப்பது என்று பார்த்துக்கொண்டிருந்த நீர்ப்பாய்ச்சிக்கு அறுவடையில் கூலியாக நெல் அளக்கும் வழக்கம் அந்த ஊரில் நின்றுபோனதே காரணம் என்று அவர் கண்டறிகிறார். பொதுச் சொத்தைப் பராமரிக்கும் செலவை யார், எந்த ஏற்பாட்டின் கீழ் ஏற்பது என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இத்தகைய கேள்விக்கே செலவிட்டார். இந்த அளவுக்குக் கூர்மையான ஒரு கேள்வி கையில் இருந்தால், மற்ற படிகளில் பாதி வேலை குறைந்துவிடும்.

இரண்டாம் படி: பாடத்திட்டத்தைப் படித்தல்

கேள்வி தெளிவான பின், அதற்கு எந்த நிறுவனத்தில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 1952-இல் தொடங்கப்பட்ட சர்வதேச சமூக ஆய்வு நிறுவனம், இப்போது ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தின் பகுதியாக இயங்குகிறது. வேளாண்மை, உணவு, சூழல் தொடர்பான அரசியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது பழம்பெரும் இடம். பிரிட்டனின் சசெக்ஸில் 1966-இல் நிறுவப்பட்ட வளர்ச்சி ஆய்வு நிறுவனம், களத்தில் மக்களின் பங்கேற்புடன் நடத்தும் ஆய்வு முறைகளுக்குப் பெயர் பெற்றது. திட்டமிடலே உங்கள் நாட்டம் என்றால், ஜெர்மனியின் டார்ட்மண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வளரும் நாடுகளின் பகுதித் திட்டமிடலுக்கென்றே நடத்தும் படிப்பைப் பார்க்கலாம்.

கால அளவையும் கவனியுங்கள். பிரிட்டனில் முதுநிலைப் படிப்பு பொதுவாக ஓராண்டில் முடிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ச்சி ஆய்வுக்கான எம்.ஃபில். (அங்கே அதுவும் முதுநிலைப் பட்டமே) இரண்டாண்டு. கள அனுபவம் குறைவாக உள்ளவர்களுக்கு, இடையில் களப்பணியோ பயிற்சிப்பணியோ அமைந்த இரண்டாண்டுப் படிப்பே நல்லது என்பது என் கருத்து. ஓராண்டுப் படிப்பில் பாடங்களையும் ஆய்வறிக்கையையும் முடிப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: பணம்

இதைக் கடைசிக்குத் தள்ளிப்போடாதீர்கள். வளர்ச்சித் துறையில் தொடக்கச் சம்பளம் அதிகம் இல்லை, ஐ.நா. செயலகத்தின் பயிற்சிப்பணிகளுக்கு ஊதியமே கிடையாது. முழுச் செலவையும் கல்விக் கடனாக வாங்கிக்கொண்டு இந்தப் படிப்புக்குச் செல்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பிரிட்டனுக்குச் செவனிங் உதவித்தொகை இருக்கிறது. அதற்குக் குறைந்தது 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். செவனிங்குக்கு விண்ணப்பித்தாலே பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்ததாகிவிடும் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்; அப்படியல்ல, இரண்டும் தனித்தனி. பணவசதி இல்லாமல் வெளிநாட்டுப் படிப்பை எண்ணிப் பார்க்க முடியாதவர்களுக்காகவே காமன்வெல்த் பகிர்வு உதவித்தொகை உள்ளது. இந்தியர், இலங்கையர் இரு தரப்பினரும் அதற்கு விண்ணப்பித்து வந்திருக்கிறார்கள்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD), வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகளுக்கென 'ஈபாஸ்' (EPOS) என்ற தனித் திட்டத்தை வைத்திருக்கிறது. பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, அதன் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். விண்ணப்பத்தை டாட் அமைப்புக்கு அனுப்பாமல், படிப்பை நடத்தும் பல்கலைக்கழகத்துக்கே நேரடியாக அனுப்ப வேண்டும். கடைசித் தேதியும் படிப்புக்குப் படிப்பு மாறும். இந்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய்.

நான்காம் படி: நோக்கக் கடிதம்

இந்தப் படிப்பில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கடிதம் இது. தேர்வுக் குழு மிகவும் ஊன்றிப் படிப்பது இதைத்தான். நம்மவர்களின் முதல் வரைவு பெரும்பாலும் "சிறு வயது முதலே ஏழை எளிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கும். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுத முடியும் என்பதால் அது எழுதியவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. முன்பு சொன்ன கண்மாய் ஊழியர் அதே இடத்தில், "கண்மாய் நிரம்பிய ஆண்டிலும் கடைசி மடையின் கீழிருந்த வயல்கள் காய்ந்தன, அதற்கான காரணத்தை எங்கள் திட்ட அறிக்கையின் எந்தப் பத்தியிலும் எழுத இடமிருக்கவில்லை" என்று தொடங்கலாம். பார்த்தது என்ன, அதில் புரியாமல் நின்றது என்ன என்ற இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன.

அடுத்து, அந்தக் கேள்விக்கு இந்தப் படிப்பின் எந்தப் பாடம் உதவும் என்பதைப் பெயர் குறிப்பிட்டு எழுதுங்கள். ஊர் திரும்பியபின் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைக் கடைசிப் பத்தியில் சொல்லலாம். அங்கே நாட்டையே மாற்றப்போவதாக எழுதுவதைவிட, எந்தத் துறையில், எந்தப் பொறுப்பில் இருக்க விரும்புகிறீர்கள் என்று எழுதுவது எடுபடும். 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளையும் வரிசையாகப் பட்டியலிட வேண்டாம். 2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட அந்தப் பட்டியலைக் கடிதத்தைப் படிப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

ஐந்தாம் படி: தாள்கள்

மதிப்பெண் ஆவணங்களைப் பல்கலைக்கழகத்தில் வாங்குவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதை முதலிலேயே தொடங்கிவிடுங்கள். ஐஇஎல்டிஎஸ் (IELTS) ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால், "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் பேராசிரியர்கள் நம் கல்லூரிகளில் உண்டு. உங்கள் நோக்கக் கடிதத்தின் நடையிலேயே பரிந்துரையும் அமைந்திருந்தால், கடிதங்களைப் படித்துப் பழகிய கண்கள் அதை எளிதில் அடையாளம் கண்டுவிடும். அதற்குப் பதிலாக, நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்து, கடிதத்தை அவரையே எழுதும்படி பணிவாகக் கேளுங்கள்.

ஆறாம் படி: இடம் கிடைத்த பின்

உதவித்தொகை முடிவு வருவதற்கு முன்பே, இடத்தை உறுதிசெய்ய முன்பணம் கட்டுமாறு பல்கலைக்கழகம் கேட்பது வழக்கம். முடிவுக்காகக் காத்திருப்பதைக் குறிப்பிட்டு, கெடுவை நீட்டிக்கக் கோரிச் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். சொந்தச் செலவில் செல்வோர், பிரிட்டன் விசாவுக்குக் காட்ட வேண்டிய தொகையைத் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் நாட்களை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.