பேச்சு சரி, ஃபேக்ஸ் மட்டும் பாதியில்
பழைய பிபிஎக்ஸில் (நிறுவனத்துக்குள் அழைப்புகளை இணைக்கும் தொலைபேசி இணைப்பகம்) உள் எண்கள் தீர்ந்துவிட்டதால், இரண்டாவது பிபிஎக்ஸை இ1 தடம் (பல அழைப்புகளை ஒன்றாகச் சுமக்கும் டிஜிட்டல் இணைப்பு) வழியாக இணைத்தேன். 30 பேச்சுத் தடங்களும் எழுந்தன. ஆனால் எப்போதாவது ஒரு ‘டிக்’ சத்தம். ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்தது. கேபிளை மாற்றினேன், அட்டையை மாற்றினேன், ஃபேக்ஸ் இயந்திரத்தையே திட்டினேன். மூன்று நாள் வீண்.

பிறகுதான் பிழைப் பதிவில் கண் பட்டது: ‘ஸ்லிப்’ (தரவுத் துண்டு நழுவல்) எண்ணிக்கை மட்டும் சீரான இடைவெளியில் ஒவ்வொன்றாக ஏறியது. கேபிள் கோளாறு இப்படி நேரம் தவறாமல் வராது! பழையது வெளித் தடத்திலிருந்து கடிகாரத்தை (தரவின் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பை) எடுத்துக்கொள்ள, புதியது தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டின் வேகமும் சற்றே வேறுபட்டதால் அவ்வப்போது ஒரு தரவுத் துண்டு நழுவியது. அப்படி ஒரு சட்டகம், அதாவது 125 மைக்ரோ வினாடித் தரவு, தொலைந்தால் காது பொறுத்துக்கொள்ளும், ஃபேக்ஸ் பொறுக்காது.

புதியதன் கடிகார மூலத்தை ‘உள்’ என்பதிலிருந்து ‘தடம்’ என மாற்றினேன். ஸ்லிப் நின்றது, ஃபேக்ஸ் முழுதாகப் போனது. அப்பாடா!