கார்த்திகையில் பூக்கும் செங்காந்தளை வேலியோரம் வளர்க்கும் முறை

கோடை முழுவதும் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை கண்டதும் முளைத்து, ஐப்பசி, கார்த்திகையில் மலர்வதால்தான் செங்காந்தளுக்குக் கார்த்திகைப்பூ என்ற பெயரும் வந்தது. தமிழ்நாட்டின் மாநில மலரான இக்கொடியைப் பட்டாம்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் தேடி வரும் என்பதற்காகவே நான் ஆண்டுதோறும் வளர்க்கிறேன்.

முதலில் ஓர் எச்சரிக்கை. செடியின் எல்லாப் பாகங்களிலும், குறிப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கால்சிசின் என்னும் கடும் நஞ்சு உள்ளது. சிறு குழந்தைகளோ ஆடுமாடுகளோ நடமாடும் இடத்தில் இதை நட வேண்டாம். கிழங்கைக் கையுறையுடன் மட்டுமே தொடுங்கள்.

காட்டில் தோண்டி எடுக்காமல், கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் இதைப் பயிரிடும் விவசாயிகளிடமோ நாற்றுப்பண்ணையிலோ 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கை வாங்குங்கள். கலப்பை போலக் கவைத்திருக்கும் கிழங்கின் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் இருக்கும். அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது என்பதால், முட்டையைக் கையாளும் கவனம் தேவை. ஆடியில், நீர் தேங்காத செம்மண்ணில், நான்கு விரற்கடை ஆழத்தில் கிழங்கைப் படுக்கவைத்து மூடினால் போதும். தண்ணீர் நின்றால் அழுகிவிடும்.

இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும் கொடி இது. விராலிக் குச்சிகளை ஊன்றியோ கிளுவை வேலியில் படரவிட்டோ வளர்க்கலாம். ஆனால் பூக்கும் பக்கம் பட்டாம்பூச்சி சிறகடிக்க வெளி இருக்க வேண்டும். தலைகீழாகத் தொங்கும் பூவை அருகே சென்று பாருங்கள்: இதழ்கள் மேல்நோக்கி மடிந்திருக்க, மகரந்தப்பைகள் சுற்றிலும் விரிந்து நிற்கும், பூவின் பெண் உறுப்பான சூல்தண்டோ அடியிலேயே மடங்கி, அவற்றிலிருந்து விலகி ஒரு பக்கமாக நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேலேயே எளிதில் படாதபடி அமைந்த இப்பூவுக்கு விருந்தாளி வந்தே ஆக வேண்டும். விதைக்காகப் பயிரிடும் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் காலையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் சேர்ப்பதும் இதனால்தான்.

எனவே பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது. கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளியிட்ட புழுக்கள் இலைகளை மொட்டையடித்தால், கையுறையணிந்து பொறுக்கி அப்புறப்படுத்துங்கள்.

தை, மாசியில் கொடி காய்ந்ததும் நீர் விடுவதை நிறுத்துங்கள். அதற்குள் பழைய கிழங்கு சுருங்கி, புதுக்கிழங்கு உருவாகியிருக்கும். அடுத்த மழை வரை அந்த இடத்தைக் கொத்தாமல் விட்டுவைக்க, அடையாளத்துக்கு ஒரு குச்சியை ஊன்றிவையுங்கள்.