கார்ல் பிளெஹன்: விளக்கை எங்கே வைத்தார் என்று பாருங்கள்

நான் நாடக மேடைகளுக்கு விளக்கு அமைப்பவன். எந்த ஓவியத்தைப் பார்த்தாலும் முதலில் தேடுவது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான். அதிகம் பேசப்படாத ஜெர்மன் நிலக்காட்சி ஓவியர் கார்ல் பிளெஹனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வாழ்க்கை வரலாற்றில் சில வருடங்கள் மட்டும் போதும். 1798இல் கோட்புஸ் நகரில் பிறப்பு. முதலில் வங்கி வேலை. 1822இல் பெர்லின் கலைக்கழகத்தில் சேர்கிறார். 1824 முதல் 1827 வரை, கட்டடக் கலைஞர் ஷிங்கெலின் பரிந்துரையால், ஒரு பெர்லின் நாடக அரங்கில் காட்சித் திரைகள் வரைகிறார். 1828-29இல் இத்தாலி. 1831இல் பேராசிரியர். 1840இல் மரணம்.

இனி படங்களை வருட வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் 'நான் விளக்கை எங்கே மாட்டுவேன்?' என்று கேளுங்கள். 1826இல் வரைந்த, கோதிக் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணியிலான இடிந்த தேவாலயத்தில் பதில் சுலபம். கூரையில்லாத உயரமான தூண்கள், உள்ளேயே முளைத்த மரங்கள். அப்படியே மேடைக்குக் கொண்டுபோகலாம்.

அப்புறம் இத்தாலியின் அமால்ஃபி ஊரில் வரைந்த படங்களின் குறிப்பேட்டுக்கு வாருங்கள். நிறைய நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். பென்சில் கோட்டின்மேல் செப்பியா எனும் பழுப்பு மை. வெயில் பட்ட சுவருக்கு அவர் எதுவும் பூசவில்லை, வெறும் காகிதத்தை விட்டுவிட்டார். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். என் கேள்வி இங்கே தோற்றுப்போகிறது: விளக்கு மாட்ட இடமே இல்லை, வெயில்தான் எல்லாம்.

இத்தாலியோடு நாடகம் முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். திரும்பும் வழியில் ஆல்ப்ஸ் மலையின் கோட்டார்ட் கணவாயில் பார்த்ததை வைத்து வரைந்த 'பிசாசுப் பாலத்தின் கட்டுமானம்' படத்தில் பள்ளத்தாக்கு இருண்டு கிடக்க, ஒளி பாலத்துச் சாரத்தின்மேல் விழுகிறது. பழைய மேடைக்காரர் போய்விடவில்லை. ஆனால் நடுவில் வீரனுக்குப் பதில் ஓய்வெடுக்கும் தொழிலாளர்கள். வளர்ச்சி என்று எதையாவது சொல்வதானால் இதைச் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை: கணினித் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவில் தெரியும். 20 செ.மீ. உயரம், 26 செ.மீ. அகலத்தில் ஒரு காகிதம் வெட்டிப் பக்கத்தில் வையுங்கள். சுமார் 1835இல் வரைந்த 'கூரைகளும் தோட்டங்களும்' ஏறக்குறைய அவ்வளவுதான். எபர்ஸ்வால்டே ஊரில் புகை கக்கும் உருட்டாலையை (உலோகத்தை உருட்டித் தகடாக்கும் ஆலை) வரைந்த படமும் சிறியதுதான். யாரையும் அசத்துவதற்காக வரைந்த அளவு அல்ல.

அசத்த வேண்டியபோது பெரிதாக வரைந்தார். மன்னர் மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்காக, போட்ஸ்டாம் அருகே மயில் தீவில் பனைமரங்கள் வளர்த்த கண்ணாடி வீட்டின் உட்புறம். உள்ளே இந்தியக் கோயில் மண்டபத் துண்டுகள். கூடவே கீழைநாட்டு உடையில் பெண்களையும் அமர்த்திவிட்டார்! நமக்குச் சிரிப்பு வரும், ஆனால் கண்ணாடிக் கூரை வழியே இறங்கும் ஒளியைத் தவறவிடாதீர்கள். கட்டடம் 1880இல் எரிந்துபோனது.

கடைசி ஆண்டுகளில் மனநோய் அவரை வரையவிடவில்லை. அதைத் தெரிந்துகொண்டு பழைய படங்களின் ஒவ்வொரு மேகத்திலும் நோயைத் தேடுவது வீண் வேலை. நேரில் பார்க்க பெர்லினின் ஆல்டே நேஷனல்கேலரி அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கோட்புஸின் பிரானிட்ஸ் மாளிகையிலும் அவர் படைப்புகள் இருக்கின்றன.